மூன்று மொட்டைக் குதிரைகள்

மறியல், மொன்றியல்
நவம்பர் 6, 2024

அக்கா,

நீங்கள் போனைப் பட்டெண்டு வைச்சாப் பிறகும் நான் அந்த மூலையில நிண்டுகொண்டிருந்தன். பின்னால வரிசையில நிண்டவன் பிரெஞ்சில ஏதோ ஏசினான். நீங்கள் வைச்சது நல்லது. போனில எண்டா நான் கத்துவன், நீங்கள் அழுவீங்கள், அதோட பதினைஞ்சு நிமிஷம் முடிஞ்சிடும். கடுதாசியில கத்தேலாது.

நலமோ எண்டு உங்களைக் கேட்க எனக்கு முகமில்லை. குதிரையள் நலமோ?

நான் செய்ததை மறைக்கேல்லை. உங்கட புருஷனை, அருளம்பலம் அத்தானை, பார்க் எக்ஸ்டென்ஷனில அவற்ற வீட்டுப் படியில வைச்சு, சாணி அள்ளுற சவளால அடிச்சன். முழங்கால், விலா, மண்டை. பிணையில விட்டாங்கள். மூண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிச்சத்தையும் முடிக்க வந்தனான் எண்டு கத்தினன். அதோட பிணையும் போச்சு. இனி வழக்கு முடியிறவரைக்கும் இந்த ஜெயிலுக்குள்ளதான்.

நான் உள்ளுக்கு. குளிர் வெளியில. இல்-பிசார் லாயத்தில என்ர மூண்டு குட்டைக் குதிரையும் உடம்பில மயிரில்லாமல் நிக்குதுகள். குளிருக்கெண்டு ஆவணியிலயிருந்து வளர்த்த மயிர், ஒரு நாளில வழிச்சுக் கொட்டியாச்சு. இனி வசந்தம் வராமல் வளராது. அதுவரைக்கும் போர்வைதான் அதுகளின்ர தோல். விமானநிலையத்தில பெட்டி தூக்கிற வேலையும் எனக்குப் போயிட்டுது. அதுகள் மூண்டும்தான் மிச்சம். அதால நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

ஒவ்வொண்டுக்கும் ரெண்டு போர்வை இருக்கு. மெல்லிசு மழைக்கு, மொத்தம், தடிச்சது, குளிருக்கு. உங்களுக்குக் குளிருது எண்டு அதுகளுக்குப் போத்தாதேங்கோ. தோளுக்குப் பின்னால, போர்வைக்குக் கீழ கையை விடுங்கோ. இளஞ்சூடா இருந்தா சரி. குளிர்ந்தா மொத்தத்தைப் போடுங்கோ. வேர்த்திருந்தா உடன கழட்டுங்கோ. ஈர உடம்பில ஒருநாளும் போத்தப்படாது. வயிற்று வாருக்குள்ள உங்கட கை போய்வர இடம் வேணும். ஒவ்வொரு நாளும் ஒருக்காக் கழட்டித் தோளில உரசல் இருக்கோ எண்டு பாக்கவேணும். றோசா கடிப்பா. சீனி ஒண்டும் செய்யாது. மாப்பிள்ளைக்கு வயசு பதினேழு, நெஞ்சு பலமில்லை. அவனை முதல் பாருங்கோ.

இன்னொண்டு. ஒரு வெட்டுமில்லை, ஒரு கீறலுமில்லை. காலையும் முகத்தையும் விட்டு வழிச்சிருக்கு. ஆத்திரத்தில வழிச்சவன் இப்பிடி வழிக்கமாட்டான் எண்டு பொலிஸ்காரன் சொன்னவன்.

தம்பி
கஜீவன்


இல்-பிசார்
நவம்பர் 17, 2024

தம்பி கஜீவன்,

உன்ர கடிதம் பத்து நாளாய் நடந்து வந்தது. நீ எழுதின அண்டு மைனஸ் அஞ்சு. வந்த அண்டு பிளஸ் பதினொண்டு. வாசிச்ச கையோட மொத்தப் போர்வையை மூண்டுக்கும் போட்டுக் கட்டினன். பின்னேரம் கையை விட்டுப் பாத்தா மாப்பிள்ளை தோய்ச்செடுத்த சீலை மாதிரி நிக்கிறான். கழட்டித் துவாயால துடைச்சன். துடைச்சு முடிய மேற்கால காத்து மாறி வாளித் தண்ணி உறைஞ்சுபோச்சு. இந்த ஊர் வானத்துக்கு ஒரு சொல் கிடையாது. காலமை ஒண்டு, மத்தியானம் இன்னொண்டு. இனி உன்ர கடிதத்தைப் பாக்கமாட்டன், என்ர கையைத்தான் பாப்பன்.

உன்ர றோசா என்ர தோளைக் கடிச்சவ. நான் அவவின்ர மூக்கில குத்தினன். பிறகு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிண்டம். இப்ப மரியாதை.

லாயத்துச் சுவரில விரல் போற ஓட்டையெல்லாம் இருக்கு. பார்க் எக்ஸில யன்னலுக்கு ஒட்டுற பிளாஸ்ரிக்கை வாங்கி, தலைமயிர் காயவைக்கிற மெஷினால சூடு காட்டி, ஒரு பொட்டு விடாமல் ஒட்டிப்போட்டன். வீட்டுக்கார மதாம் வந்து பாத்து ஏதோ சொன்னா. மெர்சி எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்.

உன்ர லோயர் பிள்ளை றொஷினியும் வந்தவ. மன்னார்ப் பிள்ளை, நல்ல பிள்ளை, கதைச்சுக்கொண்டே எழுதுறா. குதிரையளைப் படம் பிடிச்சா. "அன்ரி, உங்கட ஹஸ்பண்ட்தானே இதைச் செய்தவர்?" எண்டு கேட்டா. "அண்டைக்கு அவர் வந்தவர். படலையில நிண்டு கத்திப்போட்டுப் போனவர்" எண்டன். "அப்ப அவர்தான்" எண்டு எழுதினா. எழுதட்டும் எண்டு விட்டன்.

ஆஸ்பத்திரியில கொத்தானை, என்ர புருஷனை, ஒருக்காப் போய்ப் பாத்தன். நீ கேட்கமாட்டாய், நானே சொல்லுறன். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு. கதை கொழகொழ எண்டு வருது. என்னைக் கண்டதும் வலக்கையைத் தூக்கப் பாத்தார். பழக்கதோஷம். கை எழும்பேல்லை. நர்ஸ் பிள்ளை போயிட்டு வந்தாப் பிறகும் நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.

இப்படிக்கு
கொக்கா
செல்வமலர்


மறியல்
நவம்பர் 29, 2024

அக்கா,

பிளாஸ்ரிக்கைப் பிய்ச்செறியுங்கோ! இந்த வரியை வாசிச்சவுடன எழும்பிப் போய்ப் பிய்ச்சுப்போட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கோ. அது வீடில்லை. மூண்டு குதிரை மூச்சு விடுது, மூத்திரம் பெய்யுது. அந்த ஆவி போக வழியில்லாட்டிக் கூரையில ஏறித் திரும்பி அதுகளின்ர முதுகிலதான் சொட்டும். மூத்திர நெடி நெஞ்சை அரிச்சுப்போடும். குளிர் காத்து அதுகளுக்குச் சத்துரு இல்லை. ஈரம்தான் சத்துரு. நீங்கள் என்னை வளர்த்த மாதிரிக் குதிரையை வளர்க்கேலாது. காத்துப் படும் எண்டு என்ர காதுக்குள்ள பஞ்சு வைச்சுத்தானே பள்ளிக்கூடம் அனுப்பினீங்கள்.

இதை நான் தனி அறையில இருந்து எழுதுறன். மாப்பிள்ளையும் சீனியும் நிக்கிற படம் ஒண்டு என்னட்டை இருந்தது. பக்கத்து அறைக்காரன் அதைப் பறிச்சு, "இதென்ன, நாயோ?" எண்டு மற்றவங்களுக்குக் காட்டிச் சிரிச்சான். அவன்ர முன்பல்லு ரெண்டும் போச்சு. என்ர படமும் கிழிஞ்சுபோச்சு.

வழக்குப் பெப்ரவரி 18. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடப் போறா றொஷினி. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ. கண்டதை மட்டும்.

அத்தானைப் பாக்க இனிப் போகவேண்டாம்.

கஜீவன்


இல்-பிசார்
டிசம்பர் 19, 2024

தம்பி,

பிளாஸ்ரிக்கைப் பிய்ச்சாச்சு. நீ சொன்னது சரி, உள்ளுக்கு ஈரம் மழைத்துளி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு இருமல் வந்து போயிட்டுது. மைனஸ் பதினாறில மூண்டும் மொத்தப் போர்வையோட வைக்கல் தின்னுதுகள். தோளில உரசலில்லை, பழைய சட்டைப் பட்டுத்துணி வைச்சு உள்ளுக்குத் தைச்சன். குதிரையளைப் பற்றி இவ்வளவும்தான்.

இனி என்னைப் பற்றி.

உன்ர குதிரையை நாய் எண்டு சொன்னவன்ர பல்லை நீ உடைச்சாய். அதை வாசிச்சு முதல் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நிண்டுபோச்சு. அண்டு முழுக்க நிண்டுபோச்சு.

தொண்ணூற்றாறில கொத்தான் எனக்கு முதல் அடி அடிச்சார். சோறு குழைஞ்சுபோச்சாம். நீ இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம், எங்கட வீட்டுக் கூடத்தில படுத்திருந்தாய். நீ முழிச்சிருந்தனீ, எனக்குத் தெரியும். காலமை எழும்பி, "பொறுத்துப் போங்கோ அக்கா, அத்தான்தானே எங்களைக் கனடாவுக்கு எடுப்பிச்சவர்" எண்டாய்.

ரெண்டாயிரத்து ஒன்பதில, சண்டை முடிஞ்ச கிழமை, சனமெல்லாம் ரோட்டில நிண்டு கத்திக் குளறினது. கொத்தானும் நிண்டவர். வீட்டை வந்து ரீவியைப் பாத்து அழுதார். அழுது முடிச்சு எழும்பி என்ர இடக்காதைப் பொத்தி அடிச்சார். அந்தக் காது இப்பவும் கேளாது. அப்ப நீ சொன்னது, "அவருக்கும் மனம் சரியில்லைத்தானே அக்கா." ஆருக்கு மனம் சரியா இருந்தது? அந்தச் சண்டையில செத்தது என்ர சிநேகிதப் பெட்டையளும்தான். நான் ஆரின்ர காதில அடிச்சனான்?

இந்த ஆவணியில கையை முறிச்சார். கதவு நிலையில வைச்சுக் கதவைச் சாத்தினவர். நீ காரைக் கொண்டுவந்து என்னை ஏத்தினாய். ஏத்தினதை நான் மறக்கமாட்டன், அதுக்குப் பிறகு உன்ர சோத்தைத்தான் தின்னுறன். ஆனா போகேக்க அவர் படியில நிண்டவர். நீ திரும்பிப் போய், "பேந்து கதைப்பம் அத்தான்" எண்டு கை குடுத்தாய். நான் காருக்குள்ள முறிஞ்ச கையை மடியில வைச்சுக்கொண்டு பாத்தனான். நீ அவருக்குக் கை குடுத்தாய், கஜீவன்.

ரெண்டு மாசம் கழிச்சு மூண்டு குதிரைக்கு மயிர் போச்சு. அதுக்கு நீ சவளைத் தூக்கினாய்.

எனக்கும் ஒரு வால் இருந்திருந்தா என்னையும் பாத்திருப்பாயோ?

இதுக்கு மறுமொழி எழுதாட்டிலும் பரவாயில்லை.

செல்வமலர்


மறியல்
ஜனவரி 3, 2025

அக்கா,

நீங்கள் எழுதினது எல்லாம் உண்மை. நாலு தரம் மறுமொழி எழுதிக் கிழிச்சன். எது எழுதினாலும் கள்ளன்ர கதை மாதிரி வருது.

ரேடியோவில வாற கிழமை பனி உருகும் எண்டு சொல்லுறாங்கள். ரெண்டு நாள் மழை, பிறகு குளிர் ஒரே விழுத்தா விழுத்தும். அதுதான் வருஷத்தில பொல்லாத கிழமை. மழை நேரம் மெல்லிசைப் போடுங்கோ, மொத்தத்தைக் கழட்டிக் காயப்போடுங்கோ. விழுத்தத் தொடங்க முன்னம் உடம்பைக் காயவைச்சு மொத்தத்தைக் கட்டிப்போடவேணும். மாப்பிள்ளையை மழையில வெளிய விடாதேங்கோ. என்ன நடந்தாலும் விடாதேங்கோ.

கஜீவன்


இல்-பிசார்
ஜனவரி 13, 2025

தம்பி,

கையை நெஞ்சில வைச்சுக்கொண்டு வாசி.

வியாழக்கிழமை நீ சொன்ன மாதிரியே மழை. பிளஸ் ஆறு. மூண்டுக்கும் மெல்லிசைப் போட்டு, மொத்தப் போர்வை மூண்டையும் உள்ளுக்குக் கம்பியில காயப்போட்டிருந்தன். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். கார் வந்து நிண்டது. கொத்தான்ர தமக்கையின்ர மகன், றஜிந்தன். அஞ்சு வயசில அவனுக்குப் பிட்டு ஊட்டினது நான்.

"மாமி, மாமாவுக்கு இப்ப சோறு தீத்தி விடவேணும், தெரியுமோ? வாயால வழியுது. நீங்கள் இஞ்ச குதிரைக்குப் போத்துறியளோ?" எண்டான்.

"போடா வீட்டை" எண்டன்.

பெட்டி வெட்டுற கத்தி வைச்சிருந்தவன். என்னை வெட்டேல்லை. கம்பியில கிடந்த போர்வையளை வெட்டினான். ஒண்டு, ரெண்டு, மூண்டு. உள்ளுக்கிருந்த பஞ்சு பனி மாதிரிக் கொட்டிச்சு. "கோட்டில போய் மாமாதான் குதிரையை வழிச்சவர் எண்டு பொய் சொல்லுவியளோ? சொல்லுவியளோ?" எண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டான். பிறகு கதவைத் திறந்துவிட்டுக் குதிரையளைக் காலால உதைஞ்சு வெளிய துரத்தினான். றோசா திரும்பி அவனுக்கு உதைச்சவ, சீனி மூலைக்குள்ள ஒளிச்சிட்டுது. மாப்பிள்ளை ஓடினான்.

வைக்கல் குத்தி அள்ளுற நாலு முள்ளுத் தடி சுவரில சாத்தியிருந்தது. எடுத்தன். அவன் சிரிச்சான். "என்ன மாமி, குத்தப்போறியளோ?" எண்டான். குத்தினன். தொடையில ரெண்டு முள்ளு இறங்கிச்சு. இழுத்தெடுக்கேக்க வந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்குது, செவிடில்லாத காதில. அவன் "அம்மா" எண்டு குழறிக்கொண்டு நொண்டி நொண்டிக் காருக்கு ஓடினான். பொலிசுக்குப் போகேல்லைப் போல. போனா அவனும் மாட்டுவான்.

மாப்பிள்ளையைத் தேடி ஒரு மணித்தியாலம் மழைக்குள்ள ஓடினன். ஆத்தங்கரையில, லவாலுக்குப் போற பாதைக்குக் கிட்ட, உறைஞ்ச தண்ணியில கால் சறுக்கி விழுந்து கிடந்தான். போர்வை சுழண்டு வயித்துக்குக் கீழ. நானும் மதாமும் இழுத்துக்கொண்டு வந்தம். துவாய், சாக்கு, என்ர சட்டை எல்லாத்தாலயும் துடைச்சன். காயமுன்னம் விழுத்தத் தொடங்கிட்டுது. நாலு மணிக்குப் பிளஸ் ஆறு. ஏழு மணிக்கு மைனஸ் பன்னெண்டு. என்ர கம்பளி, உன்ர விமானநிலைய ஜாக்கெட், மதாமின்ர மெத்தை விரிப்பு எல்லாத்தையும் கயிறு போட்டுக் கட்டினன். நடுக்கம் நிக்கேல்லை. சனிக்கிழமை மூச்சு இழுத்துச்சு. மிருக வைத்தியர் வந்து நெஞ்சில குழாயை வைச்சுப் பாத்துத் தலையை ஆட்டினார். கடைசி ஊசி போட்டது காலமை பத்து மணிக்கு. தலை என்ர மடியில.

மயிர் இருந்திருந்தாத் தப்பியிருப்பான் எண்டு மதாமின்ர மகள் எனக்கு இங்கிலிசில சொன்னவ. சொல்லியிருக்கத் தேவையில்லை.

செல்வமலர்


மறியல்
ஜனவரி 23, 2025

அக்கா,

எழுத்துக் கோணலா இருக்கும், இடக்கையால எழுதுறன். உங்கட கடிதம் வாசிச்ச அண்டு சுவரில குத்தினன். நாலு விரல் மொளி முறிஞ்சுபோச்சு. சுவருக்கு ஒண்டுமில்லை.

தொடையிலயோ குத்தினீங்கள்? இன்னும் ஒரு சாண் மேல குத்தியிருக்கலாம். அவன்ர வம்சம் அதோட நிண்டிருக்கும். இல்லை, இதை எழுதினது பிழை. அழிக்க மாட்டன், கிடக்கட்டும். நான் வெளிய இருந்திருந்தா அவனை அந்த ஆத்துக்குள்ள தலைகீழா நட்டிருப்பன். உள்ளுக்கிருந்து என்ன செய்ய? பல்லைக் கடிக்கிறன். ராவிராவாக் கடிச்சுத் தாடை வீங்கிப்போச்சு.

மாப்பிள்ளையை எங்க புதைச்சது எண்டு எழுதுங்கோ.

றோசாவுக்கும் சீனிக்கும் மதாமிட்டைக் கேட்டுப் போர்வை வாங்குங்கோ. குட்டிக் குதிரைக்கு எண்டு கேட்டாத்தான் அளவு சரிவரும். பெரியது போட்டா வயிற்று வாருக்குள்ள கால் மாட்டி விழும்.

றொஷினி வந்தவ. அத்தான்தான் வழிச்சவர் எண்டு நீங்கள் சத்தியம் பண்ணிச் சொன்னா எனக்குத் தண்டனை பாதியாகும் எண்டுறா. ரெண்டு வருஷத்துக்குள்ள வெளிய வரலாமாம். சொல்லாட்டி நாலோ அஞ்சோ. நான் உங்களுக்கு அப்பிடிச் சொல்லுங்கோ எண்டு எழுதமாட்டன். முதலும் எழுதினன், இப்பவும் எழுதுறன். கண்டதைச் சொல்லுங்கோ.

கஜீவன்


இல்-பிசார்
பெப்ரவரி 8, 2025

தம்பி,

மாப்பிள்ளையை இஞ்ச புதைக்க விடமாட்டினமாம். நிலமும் கல்லு மாதிரி. வண்டி வந்து ஏத்திக்கொண்டு போச்சு. போர்வையோடயே விட்டன். சீனியும் றோசாவும் இளஞ்சூடு.

குதிரையளை வழிச்சது நான்.

இந்த வரியை எழுத மூண்டு மாசம் எடுத்தது. இனி மிச்சம் கெதியா வரும்.

ஒக்ரோபர் இருபத்திரெண்டு, நீ வேலைக்குப் போயிட்டாய். சித்திரை வெயில் மாதிரி வெயில், பிளஸ் இருபத்தினாலு. மூண்டும் அந்த மொத்த மயிரோட நுரை தள்ளிக்கொண்டு நிண்டதுகள். சீனி படுத்திட்டுது. எங்கட ஊரில பிள்ளைக்குச் சூடேறினாத் தலையை மொட்டை அடிச்சு விடுறதுதானே. மனம் பொறுக்கேல்லை. வைகாசியில இஞ்ச வரேக்க நீ வழிக்கிறதைப் பாத்திருக்கிறன். மெஷினை எடுத்து, அலகுக்கு எண்ணெய் விட்டு, கரட் குடுத்துக் குடுத்து வழிச்சன். நாலு மணித்தியாலம். ஒரு கீறல் விழேல்லை. முறிஞ்சு பொருந்தின கையால நான் செய்த முதல் வேலை. நீ வந்து பாத்துச் சந்தோஷப்படுவாய் எண்டு நினைச்சன். பிறகு குளிர் வரும், மயிர் வளராது எண்டு எனக்கு ஆர் சொன்னது?

மூண்டு மணிக்குக் கொத்தான் வந்தார். படலைக்கு வெளியில நிண்டு, "வாடி வீட்டை, இல்லையெண்டா மற்றக் கையும் போகும்" எண்டு கத்திப்போட்டுப் போனார். உள்ளுக்கு வரேல்லை. குதிரையைக் கண்ணாலயும் காணேல்லை.

அஞ்சு மணிக்கு நீ டோர்வல் விமானநிலையத்தில இருந்து வந்தாய். லாயத்துக்குள்ள போய் வெளிய வந்தாய். உன்ர முகம் மனிச முகமா இல்லை. "எந்த நாய் செய்தது? அவர் வந்தவரோ?" எண்டு கேட்டாய். "வந்தவர்" எண்டன். பொய்யில்லைத்தானே. நீ சவளைத் தூக்கினாய். லாயக் கதவில இருந்து கார் வரைக்கும் நாப்பது அடி. நான் வாயைத் திறக்க எனக்கு நாப்பது அடி இருந்தது. திறக்கேல்லை.

பயந்துபோய் நிண்டன் எண்டு கோட்டில சொல்லச் சொல்லுறா றொஷினி. பயமில்லை. எனக்காகத் தூக்காத சவள் குதிரைக்காகத் தூக்கினாலும் பரவாயில்லை, அந்த மண்டையில விழுந்தாச் சரி எண்டு நிண்டனான்.

நேற்று றொஷினியிட்டைச் சொல்லிப்போட்டன். பேனையை வைச்சுப்போட்டு என்னை வடிவாப் பாத்தா. "அன்ரி, உங்கட தம்பிக்கு அஞ்சு வருஷம் கிடைக்கும்" எண்டா. தெரியும் எண்டன். நீயும் என்னைத் திட்டுவாய், திட்டு. ஆனாக் கேள். கொத்தான் இருபத்தெட்டு வருஷம் என்னைப் போட்டு உடைச்சார், ஒருத்தரும் அவரைக் கோட்டில ஏத்தேல்லை. இப்ப குதிரைக்கு மொட்டை அடிச்சவர் எண்டு ஏத்தினா, பேப்பரிலயும் அதுதான் வரும், சனத்தின்ர வாயிலயும் அதுதான் வரும். என்ர காதும் கையும் அந்த மயிருக்குள்ள புதைஞ்சுபோகும். அதுக்கு நான் விடமாட்டன். செய்யாததைச் செய்தார் எண்டு சொல்லமாட்டன். செய்ததைச் சொல்லுவன், ஒண்டு விடாமல், திகதியோட.

உன்னட்டை ஒண்டு கேட்கவேணும். அந்தப் படியில நிண்டு அடிக்கேக்க, ஒருக்கால் எண்டாலும் என்னை நினைச்சனியோ? ஆறுதலுக்குப் பொய் எழுதாதே. இல்லையெண்டா இல்லை எண்டு எழுது, நான் தாங்குவன். நான் எத்தினையைத் தாங்கினனான்.

கொக்கா


மறியல்
பெப்ரவரி 14, 2025

அக்கா,

இஞ்ச கடிதங்களைத் திறந்து பாக்கிறவங்கள். பாக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிக்க முன்னம் வழக்கு முடிஞ்சிடும்.

நீங்கள்தான் வழிச்சீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.

கார் ஓடேக்க குதிரையைத் தவிர வேற ஒண்டும் என்ர தலைக்குள்ள இல்லை. அதைப் பொய் சொல்லமாட்டன். மணி அடிச்சன், அத்தான் படியால இறங்கி வந்தார். "என்னடா, கொக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தனியோ?" எண்டார். முழங்காலில அடிச்சன். விழுந்தார். விலாவில ரெண்டு. மூண்டு அடி. அப்பதான் கையைத் தலையில வைச்சுக்கொண்டு, "ஏனடா அடிக்கிறாய்?" எண்டு கேட்டார். "என்ர குதிரையளை வழிச்சதுக்கு" எண்டன். "நான் குதிரையைத் தொடேல்லையடா, தம்பி" எண்டார்.

அத்தான் பொய் சொல்லேக்க ஆளின்ர கண்ணைப் பாத்துத்தான் சொல்லுவார். உங்கட கையை முறிச்சுப்போட்டு, வழுக்கி விழுந்தவ எண்டு அப்பிடித்தான் எனக்குச் சொன்னவர். அண்டைக்கு அவர் என்னைப் பாக்கேல்லை, படியைப் பாத்துச் சொன்னார். நான் நம்பினன். நம்பின கணத்தில மற்றதும் விளங்கிட்டுது. லாயத்தில நீங்கள் ஒருத்தர்தானே இருந்தனீங்கள்.

சவளைக் கீழ போட்டிருக்கலாம். அவரைத் தூக்கிப் படியில இருத்தி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான் எண்டு சொல்லியிருக்கலாம். இருவத்தெட்டு வருஷமா எனக்கு வாயில வந்த சொல் அதுதானே.

பொலிஸ் பேப்பரில பதினொரு அடி எண்டு எழுதியிருக்கு. நான் எண்ணேல்லை, மேல்மாடியில நிண்ட ஆரோ எண்ணியிருக்கினம். மூண்டு குதிரைக்கு. எட்டு, அவர் அதைச் செய்யேல்லை எண்டு தெரிஞ்சாப் பிறகு. ஆஸ்பத்திரிக்கும் நான் குதிரைக்காகப் போகேல்லை.

ஓம் அக்கா. நினைச்சன்.

செவ்வாய்க்கிழமை நான் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போறன். றொஷினியிட்டைச் சொல்லியாச்சு. ஏன் அடிச்சாய் எண்டு நீதவான் கேட்டாக் குதிரையைச் சொல்லமாட்டன். நீங்கள் வந்து உங்கட கதையைச் சொல்லுங்கோ, திகதியோட, நான் கூண்டுக்குள்ள இருந்து கேட்கிறன். எனக்குக் குறையும் எண்டோ கூடும் எண்டோ பாத்துச் சொல்லாதேங்கோ.

இதை வாசிச்சுப் பெருமைப்படவும் வேண்டாம். எட்டு அடியை நான் நல்லதெண்டு சொல்லேல்லை. ஒரு மனிசன் இனிச் சோறு தீத்தி விட்டாத்தான் தின்னுவான். அந்தக் கூடத்தில நான் முழிச்சிருந்து கேட்டனானே, தொண்ணூற்றாறில. அண்டைக்கு எழும்பி அவற்ற கையை ஒருக்காப் பிடிச்சிருந்தாப் போதும்.

கஜீவன்